வரவு செலவுக்குள் வராத 2 சென்ட்

‘நாள் முழுக்கச் செடிகொடிகளுக்கு நடுவில்தான் நிற்கிறோம். நிம்மதிக்கென்று எங்களுக்குத் தனியாக ஒரு தோட்டம் வேண்டுமா?’ விவசாயிகளிடம் வீட்டுத் தோட்டம் பற்றிப் பேச ஆரம்பித்தால், பெரும்பாலும் இந்தக் கேள்விதான் முதலில் வரும். நியாயமான கேள்விதான். நகரத்தில் இருப்பவர் மொட்டை மாடியில் நாலு தொட்டி வைத்து மனதைத் தேற்றிக்கொள்கிறார். ஏக்கர் கணக்கில் பச்சையைப் பார்க்கிறவருக்கு அது எதற்கு?

இதற்குப் பதில் சொல்வதற்கு முன் ஒன்று கேட்கிறேன். உங்கள் வயலுக்குள் எந்தக் கணக்கும் போடாமல் கடைசியாக எப்போது நடந்தீர்கள்?

யோசித்துப் பாருங்கள். வரப்பில் கால் வைத்த உடனே கண் வேலையை ஆரம்பித்துவிடும். இலை நுனி ஏன் மஞ்சளாகிறது, நேற்று ராத்திரி பன்றி எந்தப் பக்கம் இறங்கியது, மும்முனை மின்சாரம் எத்தனை மணிக்கு வரும், களை எடுக்க நாளைக்கு எத்தனை பேர் கிடைப்பார்கள் என்று ஒன்றன் பின் ஒன்றாக ஓடும். கதிர் நன்றாக இருந்தால்கூட மனம் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் என்ன செய்வது, தார்ப்பாய் போதுமா, மழை வருமா என்று ஆரம்பித்துவிடும். தென்னந்தோப்பில் நின்றாலும் இதே கதைதான். நிழலில் உட்கார்ந்திருப்போம், கண் மட்டும் மேலே குரும்பையை எண்ணிக்கொண்டிருக்கும்.

அலுவலகத்தில் வேலை செய்கிறவருக்கு மாலையில் கதவைச் சாத்திவிட்டு வர ஓர் இடம் உண்டு. விவசாயிக்கு வயல்தான் அலுவலகம், வயல்தான் வங்கிக் கணக்கு, வயல்தான் கடன் பத்திரம். அந்தப் பச்சையைப் பார்த்து ஊரார் ‘கொடுத்து வைத்தவர்’ என்று சொல்லலாம். அதைப் பார்க்கும்போது உங்கள் நெஞ்சு என்ன கனம் கனக்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

அதனால்தான் சொல்கிறேன்: மற்ற எல்லாரையும்விட விவசாயிக்குத்தான் வருமானக் கணக்குக்குள் வராத ஒரு சிறு தோட்டம் அவசியம். 2 சென்ட் போதும். அதில் விளைவதை விற்கக் கூடாது. அதற்கு லாப நட்டம் பார்க்கக் கூடாது. இதை ஆடம்பரம் என்று நினைப்பவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

வயலும் தோட்டமும் ஒன்றல்ல

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் கப்லான், ரேச்சல் கப்லான் என்ற உளவியல் அறிஞர்கள் இந்த விஷயத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1989-ல் ஒரு நூல் வெளியிட்டார்கள். அவர்கள் சொல்வதை நம் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்: ஒன்றையே கூர்ந்து கவனிப்பதும், முடிவெடுப்பதும், கவனம் சிதறாமல் பிடித்து வைப்பதும் மூளையைக் களைக்க வைக்கும் வேலைகள். கை கால் களைத்தால் படுத்து எழுந்தால் சரியாகிவிடும். இந்தக் களைப்புக்குத் தூக்கம் மட்டும் போதாது. முயற்சி இல்லாமலே கண்ணையும் காதையும் மெல்ல இழுத்து வைத்துக்கொள்கிற இடம் வேண்டும். அசையும் இலை, ஓடும் நீர், பறவைச் சத்தம் ஆகியவை அப்படிப்பட்டவை.

ஆனால் அவர்கள் முக்கியமான நிபந்தனை ஒன்றும் வைத்தார்கள். அந்த இடம், தினமும் உங்களிடம் வேலை கேட்கிற இடத்திலிருந்து விலகி இருக்க வேண்டும். தூரத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. உங்களிடம் எதையும் கேட்காத இடமாக இருந்தால் போதும். வயல் ஏன் விவசாயிக்கு அமைதி தருவதில்லை என்பதற்கு விடை இதில் இருக்கிறது. வயல் எப்போதும் உங்களிடம் எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கும்.

இன்னும் இரண்டு ஆய்வுகளைச் சொல்லலாம். ரோஜர் உல்ரிச் என்பவர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட நோயாளிகளின் பதிவேடுகளை ஒப்பிட்டு 1984-ல் வெளியிட்டார். ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்த அறையில் 23 பேர், செங்கல் சுவர் மட்டும் தெரிந்த அறையில் 23 பேர். மரம் பார்த்தவர்கள் கொஞ்சம் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

நெதர்லாந்தில் 2011-ல் வெளியான ஆய்வில், சிறு தோட்டம் வைத்திருக்கும் 30 பேருக்கு முதலில் மன நெருக்கடி தரும் ஒரு சோதனை வைத்தார்கள். பிறகு பாதிப் பேர் அரை மணி நேரம் தோட்ட வேலை செய்தார்கள். மீதிப் பேர் உள்ளே உட்கார்ந்து படித்தார்கள். மன அழுத்தத்தின்போது உடலில் கூடும் கார்ட்டிசால் என்ற சுரப்பு இரு தரப்பிலும் குறைந்தது. தோட்டத்தில் இருந்தவர்களுக்கு அதிகம் குறைந்தது. இவை சிறிய ஆய்வுகள்தான். ஆனாலும் கொல்லைப்புறத்தில் அரை மணி நேரம் பூப்பறித்துவிட்டு உள்ளே வரும் பாட்டியின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது.

நம்மிடம் இருந்ததுதான்

வருமானத்துக்கு அல்லாமல் நிலம் ஒதுக்கும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. கோயில்களுக்கு நந்தவனம் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வாரும், ஸ்ரீரங்கத்தில் தொண்டரடிப்பொடியாழ்வாரும் நந்தவனம் வைத்துப் பூவும் துளசியும் வளர்த்ததாகத்தான் அவர்கள் வரலாறே தொடங்குகிறது. வீடுகளில் புழக்கடை இருந்தது. கிணற்றடி, துவைக்கிற கல், கழிவுநீர் போகிற வாழைக் குத்து, கறிவேப்பிலை, ஒரு முருங்கை, வேலியில் ஏறிய அவரை, மூலையில் பவழமல்லி என்று அது தானாக வளர்ந்த தோட்டம்.

அது எப்படிப் போனது என்று பார்த்தால் யாரையும் குறை சொல்வதற்கில்லை. கிணறு வற்றி, ஆழ்துளைக் குழாய் வந்தது. சேறு வேண்டாம் என்று சிமென்ட் தளம் போட்டோம். பிள்ளைகள் பிரிந்தபோது கொல்லை இரண்டாகப் பிரிந்தது. வண்டி நிறுத்தக் கொட்டகை தேவைப்பட்டது. தோட்டத்திலேயே வீடு கட்டிக் குடியிருப்பவர்கள், ஓர் அடியும் வீணாகக் கூடாது என்று வாசல்படி வரைக்கும் மஞ்சளோ மரவள்ளியோ வைத்தார்கள். இப்போது கதவைத் திறந்தால் வேலை கண்ணில் படுகிறது. படுக்கும்போதும் ஜன்னலுக்கு வெளியே அந்த வேலைதான் நிற்கிறது.

கொங்குப் பகுதியில் ‘தோட்டம்’ என்றால் கிணற்றுப் பாசன நிலம். அங்கே ‘தோட்டத்துக்குப் போகிறேன்’ என்றால் வேலைக்குப் போகிறேன் என்றுதான் பொருள். அதனால் நான் சொல்லும் இந்த 2 சென்ட்டுக்கு நீங்கள் எந்தப் பெயர் வைத்தாலும் சரி. கொல்லை, படப்பை, பூங்கொல்லை, எதுவாகவும் இருக்கட்டும். அது வேலையின் பெயராக மட்டும் இருக்க வேண்டாம்.

எங்கே, எப்படி?

2 சென்ட் என்பது சுமார் 870 சதுர அடி. 30 அடிக்கு 29 அடி வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஏக்கரில் இது 50-ல் ஒரு பங்கு. வரப்பு ஓரத்தில் டிராக்டர் திரும்ப நாம் விடுகிற இடமே பல நிலங்களில் இதைவிட அதிகம் வரும்.

வீட்டையொட்டி, அடுப்படிக் கதவைத் திறந்தால் தெரிகிற இடம் நல்லது. வயல் பார்வையில் படாத பக்கமாகத் தேர்ந்தெடுங்கள். வேறு வழியில்லை என்றால் நடுவில் உயிர்வேலி போட்டு மறைத்துவிடுங்கள். ஆடு மேயும் ஊரில் நொச்சியும் ஆடாதொடையும் நல்ல வேலி. ஆடு அவற்றைத் தொடாது, குச்சியை ஒடித்து நட்டாலே வந்துவிடும். மேற்கு மாவட்டங்களில் கிளுவை இருக்கவே இருக்கிறது.

தண்ணீருக்கு மோட்டார் போட வேண்டாம். குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீரே நாலு பேர் உள்ள வீட்டில் நாளுக்குப் பத்துக் குடத்துக்குக் குறையாது. அதை வாழை, கல்வாழை, சேம்பு உள்ள குழிக்கு முதலில் விடுங்கள். சோப்புத் தண்ணீரைக் கீரைப் பாத்திக்குப் பாய்ச்ச வேண்டாம். அரிசி, காய் கழுவும் தண்ணீரைத் தனியாகப் பிடித்துப் பூச்செடிகளுக்கு ஊற்றலாம்.

செடிகளைப் பொறுத்தவரை, பராமரிப்புக் கேட்காதவைதான் இங்கே வேண்டும். நந்தியாவட்டை கொஞ்சம் தண்ணீரில் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் பூக்கும். அந்திமந்தாரை ஒரு முறை விதைத்தால் தானே விதை உதிர்த்து முளைக்கும். மாலை 4 மணி வாக்கில் பூ விரியும் என்பதால், வேலை முடிந்து வருகிறவருக்கு அதுதான் சரியான துணை. பவழமல்லி இரவில் பூத்து விடிவதற்குள் தரையில் கொட்டிக் கிடக்கும். பால் கறக்க எழுந்திருக்கிறவர்களின் கண்ணில்தான் அது முதலில் படும். சங்குப்பூவை வேலியில் ஏற்றிவிடலாம். செம்பருத்தி வைத்தால் மாவுப்பூச்சி வரும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள், போதாவிட்டால் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள். இந்த 2 சென்ட்டுக்குள் ரசாயனப் பூச்சிக்கொல்லி வரவே வேண்டாம்.

டெல்டாவில் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும். மண்ணை ஓர் அடி உயர்த்தி மேடாக்கிக்கொண்டு நடுங்கள். கரிசல் பகுதியில் தண்ணீருக்கே வழியில்லை என்பவர்கள் வேம்பு, கற்றாழை, பிரண்டை, தூதுவளை, நித்தியகல்யாணி என்று வறட்சி தாங்குபவற்றை வைத்தால் போதும்.

நிழலுக்கு ஒரு மரம் கட்டாயம் வேண்டும். புங்கன் அல்லது வேம்பு வையுங்கள். இரண்டும் கோடையில் நல்ல நிழல் தரும். முருங்கையை நடுங்கள், ஆனால் கட்டிலை அதன் அடியில் போடாதீர்கள். கிளை பலமில்லாதது, மழைக்காலத்தில் கம்பளிப்புழு இறங்கும்.

மரத்தடியில் உட்கார ஓர் இடம் அமையுங்கள். பழைய துவைகல், இரண்டு செங்கல் மேல் ஒரு பலகை, கயிற்றுக் கட்டில் என்று எதுவாக இருந்தாலும் சரி. பல வீடுகளில் செடி இருக்கிறது, உட்கார இடம் மட்டும் இல்லை. உட்கார இடம் இல்லாத தோட்டத்தில் ஆள் நிற்பார், நின்றால் ஏதாவது வேலை பார்ப்பார்.

பறவைக்கு ஒரு மண் சட்டியில் தண்ணீர் வையுங்கள். தினமும் ஊற்றிவிட்டு மாற்றுங்கள், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும். பூவிருந்தால் தேன்சிட்டு வரும். அகலமான இலை இருந்தால் தையல்சிட்டு அதைத் தைத்துக் கூடு கட்டும். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து சண்டை போட்டுவிட்டுப் போகும். பயிரில் இறங்கும் மயிலைப் பார்த்தால் வயிறு எரிகிற நமக்கு, எரிச்சல் இல்லாமல் ஒரு பறவையைப் பார்ப்பதே பெரிய ஆறுதல்.

பாம்பு வருமே என்று வீட்டில் சொல்வார்கள். மல்லிகை, மனோரஞ்சித வாசனைக்குப் பாம்பு வருவதில்லை. எலிக்கும் தவளைக்கும்தான் வருகிறது. விறகு, செங்கல், பழைய ஓடு இவற்றை அங்கே அடுக்கி வைக்காதீர்கள். சருகை ஒரே மூலையில் குவித்து மக்க விடுங்கள். இருட்டிய பின் டார்ச் இல்லாமல் போகாதீர்கள்.

மூன்று கட்டுப்பாடுகள்

இவ்வளவும் செய்துவிட்டு அதையும் இன்னொரு வயலாக்கிவிடுவது எளிது. நமக்குக் கை சும்மா இருக்காது. அதனால் மூன்று கட்டுப்பாடுகள் வேண்டும்.

முதலாவது, அங்கே விளைவது எதுவும் சந்தைக்குப் போகக் கூடாது. கொய்யா நன்றாகக் காய்த்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், அணில் தின்னட்டும். ‘இந்த மல்லிகையைப் பூக்காரரிடம் போட்டால் நாளுக்கு இவ்வளவு வருமே’ என்று தோன்றிய நாளிலிருந்து அது உங்களிடம் வேலை கேட்க ஆரம்பித்துவிடும்.

இரண்டாவது, அங்கே கைப்பேசி வேண்டாம். சந்தை விலைக் குறுஞ்செய்தியும், வாட்ஸ்அப் குழுவில் சுற்றும் வதந்தியும், வங்கியின் நினைவூட்டலும் அரை மணி நேரம் காத்திருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

மூன்றாவது, அங்கே உட்கார்ந்து கடன், பங்கு பிரிப்பது, வேலித் தகராறு பேசக் கூடாது. அவற்றைத் திண்ணையில் வைத்துப் பேசிக்கொள்ளலாம். வீட்டில் இருவர் ஒருவரை ஒருவர் குறை சொல்லாமல் பக்கத்தில் உட்கார ஓர் இடம் மிஞ்சட்டும்.

யாருடைய தோட்டம்?

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வீட்டுத் தோட்டம் என்றால் நம் ஊரில் தண்ணீர் ஊற்றுவதும் கூட்டுவதும் பெண்கள் தலையில்தான் விழும். காலையில் சமையல், பகலில் களையெடுப்பு, மாலையில் மாடு, அதற்கு மேல் ஒரு தோட்டம் என்றால் அது அவர்களுக்கு அமைதி தராது, முதுகுவலிதான் தரும். ஆண்கள் தண்ணீர் ஊற்றட்டும். அந்தப் பலகையில் அரை மணி நேரம் அவர்களும் உட்காரட்டும். பண்ணை வீடுகளில் பெண்கள் சும்மா உட்கார்ந்தால் ‘வேலை இல்லையா’ என்று கேட்கிற பழக்கம் இருக்கிறது. அந்தப் பலகையில் உட்கார்ந்திருப்பவரை அப்படிக் கேட்கக் கூடாது என்பதை நாலாவது கட்டுப்பாடாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

2 சென்ட் நிலமே மொத்தச் சொத்தாக இருப்பவர்கள் இருக்கிறார்கள். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்த யோசனை எப்படிப் பொருந்தும்? வாசலில் ஒரு துளசி, சுவரோரம் ஓர் அந்திமந்தாரை, கூரையில் ஏறும் ஒரு சங்குப்பூ என்று ஆரம்பிக்கலாம். ஆனால் அதோடு முடித்துவிட்டால் அது ஏமாற்று. ஊராட்சியும் பள்ளியும் கோயிலும் இதில் செய்ய வேண்டியது இருக்கிறது. பாழாய்க் கிடக்கும் நந்தவனத்தைத் திருத்தலாம். ஊர் நூலகத்தையும் குளக்கரையையும் சுற்றி நிழல் மரமும் பூச்செடியும் வைத்து, எந்தத் தெருக்காரரும் வந்து உட்காரும்படி நாலு கல் பலகை போடலாம். எந்தத் தெருக்காரரும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். சிலர் மட்டும் உட்காரலாம் என்ற இடத்தில் யாருக்கும் அமைதி இருக்காது.

தோட்டத்தால் முடியாதது

தோட்டம் கடனைக் கட்டாது. கொள்முதல் நிலையத்தில் நனையும் நெல்லுக்கு அது பதில் சொல்லாது. 2018 நவம்பரில் கஜா புயல் ஒரே இரவில் சாய்த்த தென்னைகளின் இழப்பை எந்தப் பவழமல்லியும் ஈடுகட்டியிருக்க முடியாது. விலை, பாசனம், காப்பீட்டுத் தொகை, கடன் தவணை இவற்றுக்கு அரசும் வங்கிகளும்தான் பொறுப்பு. ‘மன அமைதிக்குத் தோட்டம் போடுங்கள்’ என்று சொல்லிவிட்டு யாரும் அந்தப் பொறுப்பிலிருந்து நழுவக் கூடாது.

ஆனால் இன்னொரு உண்மையும் இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ல் நாட்டில் விவசாயத்தை நம்பியிருந்த 11,290 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். இவர்களில் சாகுபடியாளர்கள் 5,207 பேர், விவசாயத் தொழிலாளர்கள் 6,083 பேர். ஒவ்வொரு சாவுக்கும் பின்னால் பல காரணங்கள் இருக்கும், ஒன்றை மட்டும் கைகாட்ட முடியாது. தூக்கம் கெடுவதும், பேச்சுக் குறைவதும், மனதில் உள்ளதை இறக்கி வைக்க இடமில்லாமல் போவதும் பலருக்கு அந்த வழியில் வருகிறவை. மனம் முற்றிலும் இறுகிப் போவதற்கு முன்பே அதைத் தினமும் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளத்தான் தோட்டம். இறுகிய பிறகு தோட்டம் போதாது, மருத்துவர் வேண்டும்.

அந்த எல்லையை எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, பிடித்த எதிலும் நாட்டமில்லை, வயலுக்கே போகத் தோன்றவில்லை, குடி கூடிவிட்டது, ‘நான் இருந்து என்ன’ என்ற பேச்சு வருகிறது என்றால், அது உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ இருந்தால், தள்ளிப் போடாதீர்கள். 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் தமிழிலேயே மனநல ஆலோசகரிடம் பேசலாம். எந்த நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை. மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. சர்க்கரைக்கு மருந்து எடுப்பதுபோல இதற்கும் எடுக்கலாம். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

கூடவே ஒரு காரியம் செய்யுங்கள். பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி டப்பாக்களைக் குடியிருக்கும் வீட்டுக்குள் வைக்காதீர்கள். தேவைக்கு மட்டும் வாங்குங்கள், மிச்சத்தைப் பூட்டுப் போட்ட பெட்டியில் வையுங்கள், சாவி பொறுப்பான ஒருவரிடம் இருக்கட்டும். வீட்டில் குழந்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது வேண்டும்.

களப்பணியாளர்களுக்கு

வேளாண்மை, தோட்டக்கலைத் துறைகளின் களப்பணியாளர்களுக்கும் இதில் பங்கு உண்டு. உங்கள் மேல் சுமத்தப்பட்டிருக்கும் இலக்குகளும், செயலியில் ஏற்ற வேண்டிய பதிவுகளும் எனக்குத் தெரியாதவை அல்ல. கூடுதல் இலக்கு எதையும் கேட்கவில்லை. உங்கள் பார்வையில் சிறு மாற்றம் வந்தால் போதும்.

வீட்டுத் தோட்டத் திட்டத்தில் விதைப் பொட்டலம் கொடுக்கும்போது எத்தனை கிலோ காய் கிடைக்கும் என்றுதான் நாம் பேசுகிறோம். ஊட்டச்சத்து முக்கியம்தான். அதோடு, ‘நாலில் ஒரு பங்கில் பூவும் நிழலும் வையுங்கள், உட்கார ஒரு பலகை போடுங்கள்’ என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள். செயல்விளக்கப் பண்ணை அமைத்தால் அதிலும் ஒரு பலகை போட்டுக் காட்டுங்கள்.

பயிர்ச் சேதக் கணக்கெடுப்புக்குப் போகும்போது படிவத்தோடு வரப்பிலேயே நின்று திரும்பாதீர்கள். 10 நிமிடம் நிழலில் உட்காருங்கள். ‘தூக்கம் எப்படி இருக்கிறது?’ என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குத் தலை குனிந்தவரிடம் இன்னும் கொஞ்ச நேரம் இருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேட்கலாம். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை, பேச வழிதான் கிடைக்கிறது என்பது மனநல மருத்துவர்கள் சொல்வது. 14416 என்ற எண்ணைக் கிசான் அழைப்பு மையத்தின் 1800-180-1551 எண்ணுக்குப் பக்கத்திலேயே அலுவலகச் சுவரிலும், கூட்டுறவு சங்க வாசலிலும், உரக்கடையிலும் எழுதி வையுங்கள். பயிர்ச் சந்தேகம் கேட்கிற அளவுக்கு இயல்பாக அதையும் கேட்கிற நாள் வரட்டும்.

உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். விவசாயியின் கோபத்தை முதலில் வாங்குவது நீங்கள். விதை வராவிட்டாலும் மானியம் வராவிட்டாலும் திட்டு உங்களுக்குத்தான். வேளாண் விரிவாக்க மையத்தின் பின்புறம் இருக்கும் புதர்க்காட்டைப் பாருங்கள். அதில் 2 சென்ட் உங்களுக்கும் கிடைக்கும்.

எப்போது தொடங்கலாம்?

பருவத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆடியில் தொடங்கினால் அடுத்து வரும் மழை வேலையைப் பார்த்துக்கொள்ளும். கோடை என்றால் முதலில் இடத்தைச் சுத்தம் செய்து, கழுவுநீர் வரும் வாய்க்காலைத் திருப்பி, ஒரு வாழைக் கன்றை வைத்துவிடலாம். அந்திமந்தாரை விதையும் நந்தியாவட்டைக் குச்சியும் கடையில் வாங்க வேண்டியவை அல்ல. ஊரில் யார் வீட்டு வாசலிலாவது இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள். புங்கன் நிழல் தர சில ஆண்டுகள் ஆகும். அதுவரை ஒரு கீற்றுப் பந்தல் போதும்.

முதல் வாரம் அங்கே சும்மா உட்கார்ந்திருப்பது கடினமாகத்தான் இருக்கும். கை களையைத் தேடும், மனம் மோட்டார் ஓடுகிறதா என்று கேட்கும். இருந்தாலும் எழுந்து போகாமல் உட்காருங்கள். மாலை 5 மணிக்கு அந்திமந்தாரை விரிந்து முடிந்திருக்கும். அரை மணி நேரம் கழித்து எழுந்து போனால் வயல் அங்கேயேதான் இருக்கும், கணக்கும் அப்படியேதான் இருக்கும். அதைப் பார்க்கிற கண் மட்டும் கொஞ்சம் களைப்பாறியிருக்கும். அடுத்த முடிவை எடுக்கப் போகிறவருக்கு அது மிகவும் தேவை.